41ஆம் எண் சீரம்

என் ஆய்வு வாழ்க்கையின் முதல் பெரிய கண்டுபிடிப்பு 11 நாள்தான் உயிரோடு இருந்தது.

1990களின் தொடக்கம் அது. மலேரியா மலிந்த ஊர்களில் பிறந்து வளர்ந்த பெரியவர்களின் சீரத்தை, அதாவது இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீரை, ஆய்வகத்தில் வளரும் மலேரியா ஒட்டுண்ணியோடு சேர்த்து வைத்து, எந்தச் சீரம் அதன் வளர்ச்சியைத் தடுக்கிறது என்று பார்ப்பது எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை. மொத்தம் 60 சீரங்கள். சில கொஞ்சம் தடுத்தன. பல ஒன்றுமே செய்யவில்லை. 41ஆம் எண் மட்டும் வளர்ச்சியை ஏறத்தாழ முழுதாக நிறுத்திவிட்டது. ஜீம்சா சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்த்தேன். சோதனைத் தட்டின் மற்றக் குழிகளில் ஒட்டுண்ணி சிவப்பணுவுக்குள் பருத்து, நடுவில் கரும்பழுப்பு நிறமியோடு, பிளக்கக் காத்திருக்கும் மாதுளை போல இருந்தது. 41இல் சுருண்டுபோன நீலப் புள்ளிகள் மட்டுமே. மூன்று முறை திரும்பச் செய்தேன். மூன்று முறையும் அதே முடிவு. அன்றிரவு தூக்கம் வரவில்லை.

வழிகாட்டியிடம் வரைபடத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு நெடுநேரம் பார்த்தார்.

“இவர் கடைசியாக என்ன மாத்திரை சாப்பிட்டார்?”

“தெரியவில்லை ஐயா.”

“தெரிந்துகொண்டு வா. அப்புறம் பேசலாம்.”

களக் குறிப்பேட்டின் நகலைத் தேடி எடுத்தேன். 41க்கு நேராக, இரத்தம் எடுப்பதற்கு இரண்டு வாரம் முன் மலேரியா மருந்தான குளோரோகுயின் எடுத்ததாகக் குறித்திருந்தது. குளோரோகுயின் இரத்தத்தை விட்டு எளிதில் போகாத மருந்து, வாரக்கணக்கில் தங்கும். நான் வளர்த்துவந்த 3டி7 என்ற ஒட்டுண்ணி வகையோ அந்த மருந்துக்கு உடனே பணிந்துவிடும். சீரத்திலிருந்து ஆன்டிபாடிகளை, அதாவது உடல் செய்துகொள்ளும் எதிர்ப்புப் புரதங்களை, தனியே பிரித்தெடுத்து மறுபடி சோதித்தேன். தடுப்பு மற்றவர்களின் அளவுக்கு இறங்கிவிட்டது. குளோரோகுயினுக்கு அசையாத இன்னொரு வகை ஒட்டுண்ணியைப் பழைய சீரத்திலேயே போட்டேன். அது பாட்டுக்கு வளர்ந்தது. நான் அளந்தது அந்த மனிதரின் எதிர்ப்பாற்றலை அல்ல, அவர் விழுங்கிய மாத்திரையை.

இன்று இந்தத் துறைக்கு வருகிற இளையவர்கள் கேட்கும்போது நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான். ஏனென்றால் அதற்குப் பின் வந்த 30 ஆண்டுகளிலும் நான் செய்தது பெரும்பாலும் இதே வேலை. “இது எதிர்ப்பாற்றல்” என்று ஒன்றைக் காட்டுவது. பிறகு அது வேறு ஏதோ என்று கண்டுபிடிப்பது. வேறு ஏதோ என்று நிரூபிக்க முடியாமல் மிஞ்சுகிற கொஞ்சநஞ்சம்தான் அறிவு.

மலேரியாவில் எதிர்ப்பாற்றல் என்பதே ஒரு விசித்திரமான பொருள். அம்மை ஒரு முறை வந்தால் போதும், உடல் அதை ஆயுளுக்கும் மறக்காது. மலேரியா அப்படி இல்லை. ஜெர்மன் நுண்ணுயிரியலாளர் ராபர்ட் கோக் 1900 வாக்கில் நியூ கினியாவில் ஊர் ஊராக இரத்தம் எடுத்துப் பார்த்தபோது, சிறு குழந்தைகளின் இரத்தத்தில் ஒட்டுண்ணி மலிந்திருந்தது; அதே ஊரின் பெரியவர்களிடம் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. கொசு எல்லோரையும்தான் கடிக்கிறது. ஆக, பல ஆண்டுகள் திரும்பத் திரும்பத் தொற்றுக்கு ஆளாகித்தான் இந்தப் பாதுகாப்பு வருகிறது. அதுவும் படிப்படியாக வருகிறது. சாவுக்கு இட்டுச்செல்லும் கடுமையான மலேரியாவிலிருந்து முதலில் தப்பிக்கிறோம். காய்ச்சல் வராமலிருக்கும் நிலை பிறகு. இரத்தத்தில் ஒட்டுண்ணியே இல்லாத நிலை ஏறக்குறைய வருவதேயில்லை. இவ்வளவு பாடுபட்டுச் சேர்த்ததும் நிலைக்காது. மலேரியா இல்லாத நாட்டில் சில ஆண்டுகள் தங்கிப் படித்துவிட்டு ஊர் திரும்புகிறவர் முதல் மழைக்காலத்திலேயே காய்ச்சலில் விழுவார்.

ஊரளவில் இது என்ன செய்யும் என்பதற்கு 1934-35இல் இலங்கையில் பரவிய கொள்ளைக் காய்ச்சலைச் சொல்லலாம். ஏறத்தாழ 80,000 பேர் இறந்தார்கள். மழை பொய்த்து ஆறுகள் வற்றி, குட்டை குட்டையாகத் தேங்கிய நீரில் கொசு பெருகியது. மலேரியா வழக்கமாக இருக்கும் உலர்வலயத்தைவிட, அது அதிகம் அண்டாத கேகாலை போன்ற பகுதிகள்தான் பெரிய அடி வாங்கின. அங்கிருந்தவர்களின் உடலுக்கு இந்த எதிரியோடு பழக்கம் இல்லை.

சரி, பெரியவர்களின் உடலில் இருக்கும் அந்தப் பாதுகாப்பு எது? 1961இல் கோஹன், மெக்ரெகர், கேரிங்டன் மூவரும் காம்பியாவில் செய்த சோதனையை நான் எத்தனை முறை படித்திருப்பேன் என்று கணக்கில்லை. மலேரியாவை வென்று நிற்கும் பெரியவர்களின் இரத்தத்திலிருந்து ஆன்டிபாடிகளைப் பிரித்து, மலேரியாவில் படுத்திருந்த குழந்தைகளுக்கு ஊசியில் செலுத்தினார்கள். சில நாட்களில் ஒட்டுண்ணிகள் மளமளவென்று குறைந்தன. இன்றுவரை இந்தத் துறை முழுவதும் நிற்கும் தூண் அது. விடை ஆன்டிபாடியில் இருக்கிறது என்பது அன்றே தெரிந்துவிட்டது. எந்த ஆன்டிபாடி என்பதைத்தான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.

தேடுவதற்கு முதலில் ஒட்டுண்ணியை வளர்க்க வேண்டும். அதில் படும் பாடுகளைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், புத்தகங்களில் யாரும் சொல்வதில்லை.

மலேரியா ஒட்டுண்ணியான பிளாஸ்மோடியம் ஃபால்சிபேரத்தை மனித இரத்தத்தில் தொடர்ந்து வளர்க்கும் வழியை டிரேகரும் ஜென்சனும் 1976இல் வெளியிட்டார்கள். அவர்கள் பயன்படுத்திய கருவி, மூடியிட்ட ஒரு கண்ணாடி ஜாடியும் ஒரு மெழுகுவத்தியும். வத்தி எரிந்து அணையும்போது ஜாடிக்குள் ஆக்சிஜன் குறைந்து கரியமில வாயு கூடும். ஒட்டுண்ணிக்கு அந்தக் காற்றுதான் பிடிக்கும். நான் சேர்ந்தபோது எங்கள் ஆய்வகத்தில் வாயுக் கலவை உருளைகள் வந்துவிட்டன. ஆனால் உருளை தீர்ந்து புதியது வராத ஒரு வாரம், ஜாடியும் வத்தியும்தான் எங்களைக் காப்பாற்றின. பழைய முறையை ஒரு முறையாவது கையால் செய்து பாருங்கள். கருவி கைவிடும் நாள் எல்லோருக்கும் வரும்.

ஒட்டுண்ணியின் வளர்ச்சிச் சுழற்சி 48 மணி நேரம். அதற்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது, உங்கள் தங்கையின் திருமணம் தெரியாது. நேரத்துக்கு ஊட்டநீர் மாற்ற வேண்டும், புது இரத்தம் சேர்க்க வேண்டும். விட்டுவிட்டால் குடுவையின் அடியில் படிந்திருக்கும் இரத்தம் பளிச்சென்ற சிவப்பிலிருந்து கறுத்துப்போகும். அதைப் பார்த்ததுமே தெரியும், அளவுக்கு மீறிப் பெருகித் தன்னையே அழித்துக்கொண்டுவிட்டது என்று. முதல் இரண்டு ஆண்டுகள் என் நாட்களை அந்தக் குடுவைகள்தான் தீர்மானித்தன. ஆகவே தனியாக வளர்க்காதீர்கள். இருவர் சேர்ந்து முறை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். இது ஆய்வுக்கும் நல்லது, குடும்பத்துக்கும் நல்லது.

என்னை மிகவும் அலைக்கழித்தது மைக்கோபிளாஸ்மா என்ற மிக நுண்ணிய பாக்டீரியா. சாதாரண பாக்டீரியா புகுந்தால் ஊட்டநீர் கலங்கும், கண்டுபிடித்துவிடலாம். மைக்கோபிளாஸ்மா சாதாரண நுண்ணோக்கியில் தெரியாது, நீரையும் கலக்காது. வளர்ப்புக்குள் ஓசைப்படாமல் குடியிருந்து முடிவுகளை மட்டும் கோணலாக்கும். மூன்று மாதம் என் எண்கள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. இரத்தத்தைக் குறை சொன்னேன், ஊட்டநீரைக் குறை சொன்னேன், ஒரு நாள் இன்குபேட்டரைக்கூடத் திட்டினேன். கடைசியில் மரபணுத் தடயத்தைப் பெருக்கிக் காட்டும் பிசிஆர் சோதனை செய்தபோது எல்லாக் குடுவையிலும் இருந்தது. அத்தனையையும் கொட்டிவிட்டு, திரவ நைட்ரஜனில் முன்பே உறைய வைத்திருந்த பழைய குப்பியிலிருந்து மறுபடி தொடங்கினேன். அந்தக் குப்பியை உறைய வைத்தது நான் அல்ல. எனக்கு முன் அந்த மேசையில் இருந்தவர், யாரும் கேட்காமலே செய்துவைத்துப் போயிருக்கிறார். அவரை நான் பார்த்ததே இல்லை. அதிலிருந்து மாதம் ஒரு முறை மைக்கோபிளாஸ்மா சோதனை; புதிதாக வளர்ந்த எதையும் முதல் வாரத்திலேயே சில குப்பிகள் உறைய வைப்பது. இரண்டையும் நான் தவறவிட்டதில்லை.

இரத்த வகை விஷயமும் இப்படித்தான். ஏ வகைச் சிவப்பணுவில் ஒட்டுண்ணியை வளர்த்து, ஓ வகைக்காரரின் சீரத்தைச் சேர்த்தால், அந்தச் சீரத்திலுள்ள ஏ எதிர்ப்பு ஆன்டிபாடி அணுக்களைத் திரட்டிக் கட்டியாக்கிவிடும். பார்ப்பதற்கு அருமையான மலேரியா எதிர்ப்பு போலவே இருக்கும். ஓ வகை அணுக்களிலேயே வளர்த்தால் இந்த வம்பு இல்லை.

ஆய்வகத்தில் இவ்வளவு என்றால், களத்தில் ஏமாறுவதற்கு இன்னும் அகலமான இடம்.

பின்னால் சில ஆண்டுகள் ஆப்பிரிக்கக் கிராமங்களில் குழந்தைகளைப் பின்தொடர்ந்து ஆய்வு செய்தோம். மலேரியாப் பருவம் தொடங்குமுன் இரத்தம் எடுத்து ஆன்டிபாடி அளப்பது; பிறகு பருவம் முழுதும் யாருக்குக் காய்ச்சல் வருகிறது என்று பார்ப்பது. ஆன்டிபாடி அதிகமுள்ள குழந்தைக்குக் காய்ச்சல் குறைவாக வரும் என்பது எங்கள் எதிர்பார்ப்பு. வந்த முடிவு நேர்மாறு. ஆன்டிபாடி அதிகமிருந்த குழந்தைகள்தான் அதிகம் படுத்தார்கள்.

விடை வீட்டு வரைபடத்தில் இருந்தது. அந்தக் குழந்தைகளின் வீடுகள் சதுப்பு நிலத்தின் ஓரத்தில் இருந்தன. அவர்களைக் கொசு அதிகம் கடித்தது. அதனால் ஆன்டிபாடியும் அதிகம், காய்ச்சலும் அதிகம். மேட்டில் இருந்த வீடுகளில் ஆன்டிபாடியும் இல்லை, காய்ச்சலும் இல்லை. அவர்கள் பாதுகாக்கப்பட்டவர்கள் அல்லர், கடிபடாதவர்கள். தொற்று வந்துபோன தடம் வேறு, பாதுகாப்பின் சான்று வேறு. இந்த இரண்டையும் குழப்பிய கட்டுரைகள் ஏராளம். அவற்றில் ஒன்று என்னுடையது.

பிறகு முறையை மாற்றினோம். பருவத் தொடக்கத்தில் எல்லாக் குழந்தைகளுக்கும் மருந்து கொடுத்து இரத்தத்தைச் சுத்தமாக்கிவிட்டு, அடிக்கடி இரத்தம் சோதித்து, ஒட்டுண்ணி உண்மையில் உள்ளே நுழைந்த குழந்தைகளை மட்டும் கணக்கில் எடுத்தோம். நுழைந்தும் நோய்ப்படாத குழந்தைதான் நாங்கள் தேடிய குழந்தை. எண்ணிக்கை பாதிக்கும் கீழே போனது. எண்ணிக்கை குறைந்தது என்று வருந்தாதீர்கள். மிஞ்சியவர்கள்தான் உங்கள் கேள்விக்கு விடை சொல்லக்கூடியவர்கள். கள ஆய்வைத் திட்டமிடும்போதே, இவருக்குத் தொற்று வந்ததா என்பதை எப்படி அறியப்போகிறோம் என்ற வரி முதல் பக்கத்தில் இருக்க வேண்டும். புள்ளியியலாளரை இரத்தம் எடுக்குமுன் கூப்பிடுங்கள். எடுத்தபின் கூப்பிட்டால் அவரால் இரங்கல்தான் தெரிவிக்க முடியும்.

களத்தின் சின்னச் சின்ன விஷயங்கள் எந்த விதிமுறை நூலிலும் இருக்காது. ஸ்லைடில் பேனாவால் எழுதாதீர்கள், மெத்தனாலில் நனைத்ததும் மை கரைந்துவிடும், பென்சில்தான் நிற்கும். தடித்த இரத்தப்பூச்சை மெத்தனாலில் காட்டவே கூடாது, சிவப்பணு கரையாமல் படிந்து ஒன்றும் தெரியாது. உலரவைத்த ஸ்லைடை மூடி வையுங்கள், ஈயும் எறும்பும் இரத்தத்தை வட்டம் வட்டமாகத் தின்றுவிடும். ஒரு முறை 30 ஸ்லைடுகளை அப்படி இழந்தேன். உறைகுளிரில் சாதாரண ஒட்டுத்தாள் உதிர்ந்துவிடும். பெயரற்ற குப்பிகள் நிறைந்த ஒரு பெட்டியைத் திறந்து பார்ப்பது எப்படி இருக்கும் என்று விவரிக்க நான் விரும்பவில்லை. ஸ்லைடை இரண்டு பேர் தனித்தனியே, அது யாருடையது என்று தெரியாமல் எண்ண வேண்டும். நம் கண் நாம் விரும்புவதைத்தான் முதலில் பார்க்கும்.

ஒரு தாய் மொழிபெயர்ப்பாளர் மூலம் என்னிடம் கேட்டார்: மூன்று பருவமாக என் பிள்ளையிடம் இரத்தம் எடுக்கிறீர்கள், அதில் என்ன கண்டீர்கள் என்று யாரும் வந்து சொல்லவில்லையே? பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. அடுத்த பருவம் தொடங்குமுன் மரத்தடியில் கூட்டம் போட்டு, கண்டதையும் காணாததையும் சொன்னோம். ஆன்டிபாடியை எப்படி விளக்குவது என்று நாங்கள் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது, பெண்கள் வேறு கேள்வி கேட்டார்கள். சிறுவயதிலிருந்து மலேரியாவைத் தாங்கிக்கொண்டவர்களை, முதல் பிள்ளை சுமக்கும்போது மட்டும் அது ஏன் மறுபடி பிடிக்கிறது?

அருமையான கேள்வி. ஒட்டுண்ணி தான் குடியிருக்கும் சிவப்பணுவின் மேற்பரப்பில் ஒரு புரதத்தை நீட்டி, அதைக் கொண்டு இரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. அந்தப் புரதத்துக்கு அதனிடம் ஏறத்தாழ 60 மரபணுக்கள் இருக்கின்றன. ஒன்றை நம் உடல் அடையாளம் கண்டுகொண்டால் இன்னொன்றை எடுத்து மாட்டிக்கொள்ளும். இந்த மரபணுக் குடும்பம் 1995இல் வெளிப்பட்டபோதுதான், எதிர்ப்பாற்றல் ஏன் இவ்வளவு மெதுவாக வருகிறது என்பது எங்களுக்கு உறைத்தது. அந்த முகமூடிகளில் ஒன்று நஞ்சுக்கொடியில் ஒட்டுவதற்கென்றே இருக்கிறது. நஞ்சுக்கொடி இல்லாத உடல் அதைப் பார்த்திருக்காது. முதல் கர்ப்பத்தில்தான் முதல் சந்திப்பு. அடுத்தடுத்த கர்ப்பங்களில் உடல் அதைக் கற்றுக்கொண்டுவிடும். நான் மொழிபெயர்ப்பாளரிடம் இதைச் சொல்லி முடிப்பதற்குள், முன்வரிசையில் இருந்த மூதாட்டி தலையாட்டினார். இரண்டாவது பிள்ளைக்கு அவ்வளவு வராது என்பது அவருக்கு எங்களுக்கு முன்பே தெரியும்.

தடுப்பூசியைப் பற்றிக் கேட்காமல் யாரும் விடுவதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2021 அக்டோபரில் ஆர்டிஎஸ்,எஸ் தடுப்பூசியையும் 2023 அக்டோபரில் ஆர்21ஐயும் குழந்தைகளுக்குப் பரிந்துரைத்தது. மகிழ்ச்சிதான். கூடவே ஒரு சின்ன வயிற்றெரிச்சலும் உண்டு, மறைக்கவில்லை. நானும் என்னைப் போன்றவர்களும் ஆயுள் முழுக்கப் பின்தொடர்ந்தது இரத்த நிலை ஒட்டுண்ணியை. பெரியவர்களைக் காப்பது அதற்கு எதிரான ஆற்றல்தான். வென்ற இரண்டு தடுப்பூசிகளும் தாக்குவதோ அதற்கு முந்தைய நிலையை, கொசு கடித்ததும் கல்லீரலை நோக்கி ஓடும் ஸ்போரோசோயிட்டை. இயற்கை மெனக்கெடாத இடத்தில் கைவைத்து வென்றிருக்கிறார்கள். 1967இல் ரூத் நுசென்ஸ்வைக் என்ற ஆய்வாளர், கதிர்வீச்சால் பலவீனப்படுத்திய ஸ்போரோசோயிட்டுகளை எலிகளுக்குச் செலுத்திக் காத்தபோதே அந்தப் பாதை திறந்தது. நாங்கள் பக்கத்துப் பாதையில் நடந்துகொண்டிருந்தோம்.

ஆனால் இந்தத் தடுப்பூசிகளின் பாதுகாப்பு முழுமையானதல்ல. நான்கு தவணை போட்ட குழந்தைகளிடம் ஆர்டிஎஸ்,எஸ் நான்கு ஆண்டுகளில் மலேரியாவை மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் குறைத்தது. தப்பி இரத்தத்துக்கு வந்துவிடும் ஒட்டுண்ணிக்கு இன்னொரு காவல் வேண்டும். சிவப்பணுவுக்குள் நுழைய ஒட்டுண்ணிக்குத் தவிர்க்க முடியாத ஆர்ஹெச்5 என்ற புரதத்தை வைத்துச் செய்த தடுப்பூசி, புர்கினா ஃபாசோவில் குழந்தைகளிடம் சோதிக்கப்பட்டிருக்கிறது. கல்லீரலிலிருந்து வெளிவருபவை பல்லாயிரம். ஒவ்வொன்றும் அணுவுக்குள் நுழைய எடுத்துக்கொள்வது ஓரிரு நிமிடம். அந்த இடைவெளிக்குள் ஆன்டிபாடி அதைப் பிடிக்க வேண்டும். ஆகவே ஆன்டிபாடி இருக்கிறதா என்று மட்டும் அளக்காதீர்கள். எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு வேகமாகப் பற்றுகிறது என்றும் அளங்கள்.

இப்போது எங்கள் ஆய்வகத்துக்கு யார் புதிதாக வந்தாலும், 41ஆம் எண்ணின் அந்தப் பழைய வரைபடத்தை எதுவும் சொல்லாமல் மேசையில் வைப்பேன். சிலர் கண்கள் விரியப் பார்ப்பார்கள். சிலர் இரத்த வகையைக் கேட்பார்கள். சென்ற ஆண்டு வந்த மாணவி அரை மணி நேரத்தில் மருந்தா என்று கேட்டார். குளோரோகுயின்தான் என்றேன். பாராட்டும் எண்ணத்தோடு எழுந்தபோது, அவர் இன்னும் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஐயா, அந்த மாத்திரையை அவர் எதற்குச் சாப்பிட்டார்?”

30 ஆண்டுகளில் நான் அதைக் கேட்டதே இல்லை. நகல் இன்னும் என் அலமாரியில்தான் இருந்தது. அவர் முன்னாலேயே எடுத்துப் பார்த்தேன். மாத்திரையின் பெயர் இருந்த பக்கத்தைத் திருப்பினால், பின்பக்கத்தில் பென்சிலில் மங்கலாக ஒரு வரி: நான்கு நாள் குளிர்காய்ச்சல், ஸ்லைடில் ஒட்டுண்ணி உண்டு.